ஜெய்சல்மேருக்கு வேலையாகப் போகிறீர்களா? கேமராவையும் எடுத்துக்கொள்ளுங்கள்: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஜெய்சல்மேர் என்ற பெயர் புதிதாக இருக்காது. ராஜஸ்தான் பாலைவனத்தில் இருக்கும் அந்த ஊர்ப் பக்கமும் பெரிய காற்றாலைப் பண்ணைகள் இருக்கின்றன. காற்று ஓய்ந்த மாதங்களில்தான் பெரிய பழுதுபார்ப்பு வேலைகளை வைத்துக்கொள்வார்கள் என்பதால், ஐப்பசிக்கு அப்புறம் "இருபது நாள் சைட் வேலை, கிளம்பு" என்று சொல்லிவிடுவார்கள்.

நான் இரண்டு முறை போய் வந்தேன். முதல் தடவை 22 நாள் இருந்தும் உருப்படியாக பத்துப் படம்கூடத் தேறவில்லை. குளிரில் நடுங்கினேன், பத்து மாலைகளை வீணாக்கினேன், ஒரு நாள் இரண்டு மணி நேரம் ரோட்டோரத்தில் உட்கார வேண்டி வந்தது. இரண்டாம் முறை 18 நாள்தான், ஆனால் மனசு நிறையப் படங்களோடு வந்தேன். நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பெரிய கேமரா இல்லை, போன் மட்டும்தான் என்றாலும் இதில் முக்கால்வாசி உங்களுக்கும் பொருந்தும்.

1. டிக்கெட் போடும் முன்பே தேதியைப் பேசுங்கள்

வேலை முடிந்த அன்று ராத்திரியே திரும்பும் டிக்கெட்டை அலுவலகத்தில் போட்டுவிடுவார்கள். போட்ட பிறகு மாற்றச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. அதனால் முதலிலேயே, "திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள், அந்த ஒரு ராத்திரி அறை வாடகை என் செலவு" என்று கேளுங்கள். நான் மின்னஞ்சலிலேயே கேட்டு, சரி என்ற பதிலையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தக் கூடுதல் நாளுக்கு பேட்டா உண்டா, கம்பெனி காப்பீடு செல்லுமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

வார விடுமுறை எந்தக் கிழமை என்பதை சைட் இன்சார்ஜிடம் போன முதல் நாளே கேளுங்கள். எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை கிடைக்காது. நமக்கு அது ஒரு விதத்தில் நல்லது, மற்ற நாளில் கூட்டம் குறைவு.

தேதி உங்கள் கையில் இருந்தால் நவம்பர், அல்லது ஜனவரி பாதிக்கு மேல் என்று கேளுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையிலிருந்து புத்தாண்டு வாரம் முடியும்வரை ஊர் நிரம்பி வழியும், அறை வாடகை இரண்டு மடங்காகும். ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரியில் வட இந்தியர்களின் மாக மாதப் பௌர்ணமியை ஒட்டி மரு மகோத்சவம் என்ற பாலைவனத் திருவிழா நடக்கும். படம் எடுக்க அருமையான நாட்கள்தான், ஆனால் அறையை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். மே, ஜூனில் அனுப்பினால் வெயில் 45 டிகிரியைத் தொடும், மணல் புயலும் வரும். அந்த மாதங்களில் வேலையை மட்டும் பார்த்துவிட்டு வருவது நல்லது.

2. காகிதங்கள்: அறையில் அல்ல, சட்டைப்பையில்

எடுத்துப்போக வேண்டியவை இவை:

- ஆதார் அட்டை. போனில் இருக்கும் படம் போதாது, அட்டையாகவே வையுங்கள்.
- கம்பெனி அடையாள அட்டை.
- இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இந்த சைட்டில் வேலை என்று கம்பெனி முத்திரையோடு ஒரு பக்கக் கடிதம். ஆங்கிலத்தில் இருந்தால் போதும், கூடவே இந்தியிலும் இருந்தால் இன்னும் நல்லது.
- ஓட்டுநர் உரிமம், வண்டி எடுக்கும் எண்ணம் இருந்தால்.
- கேமரா வாங்கிய பில்லின் நகல்.

முதல் பயணத்தில் இதையெல்லாம் கொண்டுபோய் பத்திரமாக அறையில் பூட்டி வைத்திருந்தேன். ஒரு மாலை, ஊருக்கு வெளியே ரோட்டோரம் நின்று சூரியன் மறைவதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது சீருடையில் இருந்த ஒருவர் வந்து விசாரித்தார். எனக்குப் பின்னால் முள்கம்பி போட்ட ஒரு மதில் இருந்ததை நான் பெரிதாக நினைக்கவில்லை. கையில் ஒரு அடையாள அட்டைகூட இல்லை, எனக்கு இந்தியும் அரைகுறை. சைட் இன்சார்ஜ் அறைக்குப் போய் அட்டையை எடுத்து வரும்வரை இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தேன். படங்களையும் அழிக்கச் சொன்னார்கள், அழித்தேன். அவர்கள்மேல் தப்பில்லை. பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய மாவட்டம் அது. நம்ம ஊர்க் கடற்கரையில் கேமராவோடு சுற்றுவது போல அங்கே சுற்ற முடியாது.

3. குளிருக்குத் துணி, விமானத்துக்குப் பை

பாலைவனம் என்றால் சூடு என்று நினைத்து நான் பருத்திச் சட்டை நாலை மட்டும் எடுத்துப் போனேன். டிசம்பர், ஜனவரியில் பகலில் 24, 25 டிகிரி இருக்கும், இதமாகத்தான் இருக்கும். ஆனால் ராத்திரி 8 டிகிரிக்கு இறங்கும், சில நாள் அதற்கும் கீழே போகும். குமரி மாவட்டத்தில் 20 டிகிரிக்கே போர்வை தேடும் நமக்கு அது தாங்காது. விடியற்காலையில் படம் எடுக்கப் போகிறவருக்கு ஸ்வெட்டர், மேலே காற்றுப் புகாத ஒரு ஜாக்கெட், காதை மூடும் தொப்பி, விரல் நுனி வெட்டிய கையுறை நான்கும் வேண்டும். நாகர்கோவிலில் தேடி அலைய வேண்டாம், ஜெய்சல்மேர் கடைவீதியிலேயே நியாயமான விலைக்குக் கிடைக்கும். நான் அங்கே வாங்கிய ஸ்வெட்டரைத்தான் இரண்டாம் முறையும் கொண்டு போனேன்.

உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோ உள்ளே போடலாம், 7 கிலோ கையில் கொண்டு போகலாம். கேமரா, லென்ஸ், உதிரி பேட்டரிகள், பவர் பேங்க் எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரியைத் தனியாகப் பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள். டிரைபாடையும் ஸ்குரு டிரைவரையும் பெட்டியில் போடுங்கள். இன்னொன்று நம்ம ஊர்க்காரர்களுக்காகவே சொல்கிறேன்: கொப்பரைத் தேங்காய்க்கு விமானத்தில் அனுமதி கிடையாது, பெட்டியில் போட்டாலும் எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். நேந்திரங்காய் சிப்ஸ் தாராளமாகக் கொண்டு போகலாம். சைட்டில் அதற்கு இருக்கும் மவுசே தனி.

கேமராவுக்கு வேறென்ன? கையால் அமுக்கி ஊதும் ஒரு பம்ப், மென்மையான ஒரு பிரஷ், ஜிப் போட்ட பிளாஸ்டிக் கவர் ஐந்தாறு, அகலமான ஒரு லென்ஸ், தூரத்தை இழுக்கும் ஒரு லென்ஸ். அதற்கு மேல் சுமக்க வேண்டாம்.

4. போய்ச் சேர்வது

திருவனந்தபுரத்தில் ஏறி டெல்லி வழியாக ஜோத்பூர், அங்கிருந்து ஜெய்சல்மேர், இதுதான் எங்களுக்கு வசதியாக இருந்தது. ஜோத்பூரிலிருந்து ரோடு வழியாக 280 கிலோமீட்டருக்கு மேல், ஐந்து, ஆறு மணி நேரம். ராத்திரி ரயில் கிடைத்தால் அதையே பிடியுங்கள். ஸ்லீப்பரில் 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும், விடியும் நேரத்தில் போய் இறங்கலாம். கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள், ஜன்னல் இடுக்கு வழியாகக் குளிரும் தூசியும் சேர்ந்தே வரும். ஜெய்சல்மேரிலும் விமான நிலையம் இருக்கிறது. ஆனால் சீசன் பார்த்துத்தான் விமானம் விடுகிறார்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஸ்டேஷனில் இறங்கியதும், "உங்கள் ஓட்டல் மூடிவிட்டது, நான் வேறு இடம் காட்டுகிறேன்" என்று யாராவது வந்தால் நின்று பதில் சொல்ல வேண்டாம். தங்கும் இடத்துக்கு நீங்களே போன் போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

5. சூரியன் அங்கே பிந்தித்தான் வரும்

எனக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று ஏங்கிய விஷயம் இதுதான்.

முதல் பயணத்தில் தினமும் மாலை வேலை முடிந்து கேமராவோடு ஓடினேன். சைட்டிலிருந்து வண்டி ஊருக்குள் வரும்போது ஆறே கால், ஆறரை ஆகும். டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் 6 மணிக்குள் மறைந்துவிடும். வேலை நாளெல்லாம் இருட்டில்தான் போய் நின்றேன். பதினோராம் நாள், கூட வேலை பார்த்த தோவாளைக்காரர் ஒருவர், என்னைவிட வயதில் மூத்தவர், அறை வாசலில் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்கா, சாயங்காலத்த விட்டுரு. இங்க சூரியன் காலையில பிந்திதான் வரும். காலையப் புடி."

அவர் சொன்னது முழுக்க உண்மை. முழு இந்தியாவுக்கும் ஒரே கடிகார நேரம்தான், ஆனால் ஜெய்சல்மேர் நமக்கு மேற்கே தள்ளியும் வடக்கே வெகு தூரத்திலும் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் கன்னியாகுமரியில் ஆறரை மணி வாக்கில் சூரியன் எழும்பினால் ஜெய்சல்மேரில் ஏழரை ஆகும். ஐந்தரைக்கே எழுந்து பழகிய உடம்பு நம்முடையது, அதை மாற்ற வேண்டாம். எங்கள் சைட் வண்டி 8.45க்குத்தான் வரும். ஏழு மணிக்கு ஒரு இடத்தில் போய் நின்றால் முதல் வெளிச்சம் முதல் எட்டரை வரை, படம் எடுக்க இருப்பதிலேயே நல்ல நேரம் முழுவதும் நம் கையில். சுற்றுலா வந்தவர்கள் அப்போது போர்வைக்குள் இருப்பார்கள்.

கோடையில் கதை மாறும். ஜூனில் சூரியன் ஏழரைக்கு மேல்தான் மறையும், அப்போது மாலையைப் பிடிக்கலாம். போகும் மாதத்துக்கான உதய, அஸ்தமன நேரத்தை முன்பே எழுதி வைத்துக்கொண்டு, அதற்கேற்ப ஷிப்ட் நேரத்தைப் பாருங்கள்.

6. வேலைக்கு முன் போகக்கூடிய மூன்று இடங்கள்

கடிசர் ஏரி. கோட்டையிலிருந்து நடந்தே போய்விடலாம். தண்ணீருக்குள் மஞ்சள் கல் மண்டபங்கள் நிற்கும், குளிர்காலத்தில் பறவைகள் நிறைய வரும். காற்று கிளம்பும் முன் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் போக வேண்டும். எட்டு மணிக்குப் படகு விட ஆரம்பித்தால் பிரதிபலிப்பு கலைந்துவிடும்.

கோட்டை. உள்ளே இன்னும் ஆயிரக்கணக்கான பேர் குடியிருக்கிறார்கள், அதனால் கோட்டைக்குள் நுழைய டிக்கெட் கிடையாது. அரண்மனை மியூசியத்துக்குத்தான் டிக்கெட். பத்மநாபபுரம் அரண்மனையில் எடுப்பது போலவே கேமராவுக்குத் தனியாகக் கேட்பார்கள். காலை ஏழரைக்கு உள்ளே போனால் வாசல் தெளிக்கும் பெண்கள், பால்காரர், பசு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஒரு தெரு விழித்துக்கொள்வதைப் பார்க்கலாம். மஞ்சள் மணற்கல்லில் சாய்வெயில் பட்டதும் கல்லே உள்ளுக்குள் எரிவது போலத் தெரியும். உள்ளே இருக்கும் சமணக் கோயில்களுக்கு வெளியாட்களைக் காலை வேளையில்தான் விடுவார்கள், அவற்றை விடுமுறை நாளுக்கு வையுங்கள். தோல் பெல்ட், பர்ஸ் எல்லாம் வெளியே வைத்துவிட வேண்டும். மூலவரைப் படம் எடுக்கக் கூடாது.

கோட்டைக்குள் அறை எடுத்துத் தங்க ஆசை வரும். தங்க வேண்டாம் என்பது என் எண்ணம். தண்ணீர்ப் பழக்கமே இல்லாத அந்தக் குன்றில் ஓட்டல்களின் கழிவுநீர் கசிந்து அடித்தளம் பலவீனமாகி வருகிறது. வெளியே தங்கினால், கோட்டை முழுவதையும் பார்க்கும் மொட்டை மாடியும் கிடைக்கும்.

படா பாக். ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர், ஆட்டோவில் போய் வரலாம். மன்னர் குடும்பத்தாருக்கு எழுப்பிய கல் மண்டபங்கள் ஒரு மேட்டின்மேல் வரிசையாக நிற்கும், அவற்றுக்குப் பின்னாலேயே நம்ம ஆட்களான காற்றாலைகள். கேட் திறக்கும் நேரத்தை முந்தின நாளே கேட்டு வையுங்கள். திறக்காவிட்டாலும் ரோட்டிலிருந்தே மேடு முழுவதும் தெரியும். மற்றவர்கள் காற்றாலை வராமல் படம் எடுக்கப் பாடுபடுவார்கள். நான் அதைச் சேர்த்தே எடுத்தேன். அதற்கு இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, பிளேடு ஒன்று மண்டபத்தின் கலசத்திலிருந்தே முளைத்தது போல வந்துவிடும். இரண்டடி இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்தால் விலகிவிடும். இரண்டு, வேகமான ஷட்டரில் எடுத்தால் காற்றாலை நின்றுபோனது போலத் தெரியும். டிரைபாட் வைத்து வினாடியில் நாலில் ஒரு பங்கு, இரண்டில் ஒரு பங்கு என்று விட்டால் பிளேடு லேசாக இழுபட்டு, கல் அசையாமல் நிற்கும். ஒரு நாள் காலை அங்கே நின்றபோது ஒரு பிளேடின் நிழல் மண்டபத்துத் தூணின்மேல் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. எட்டு வருடம் டவரில் ஏறி இறங்கியவன் நான், ஆனால் அந்த நிழலை அதற்கு முன் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

7. விடுமுறை நாள்: குல்தரா, சம் மணல்மேடு

கார் எடுத்தால் மூன்று நான்கு பேர் சேர்ந்து எடுங்கள். போகும் இடங்கள், காத்திருக்கும் நேரம், பார்க்கிங், எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே பேசி, அதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்கூட்டர் எடுத்தால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் முறையாக வாடகைக்கு விடும் வண்டி. வெள்ளைப் பலகை வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருவார்கள். ஏதாவது ஆனால் காப்பீடு கைகொடுக்காது, அந்த நூறு ரூபாய் லாபம் வேண்டாம். எடுக்கும்போதே வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டாதீர்கள். மாடும் ஒட்டகமும் நடுரோட்டில் நிற்கும்.

குல்தரா ஊரிலிருந்து 18 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. ஆட்கள் விட்டுப்போன ஊர், கூரையில்லாத கல்வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும். ஆளுக்கும் வண்டிக்கும் தனித்தனியாகக் கட்டணம் உண்டு, மாலை இருட்டும் முன் வெளியேறிவிட வேண்டும். பேய்க்கதை சொல்லிக்கொண்டு பின்னால் வருபவர்களை விட்டுவிட்டு மொட்டைச் சுவர்களின் நிழலைப் பாருங்கள். அரை மணி நேரம் போதும்.

சம் மணல்மேடு 40 கிலோமீட்டர். எல்லோரும் மாலையில் போவார்கள். முக்கடல் சங்கமத்தில் சூரியோதயத்துக்கு நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதோடு ஜீப்பும் ஒட்டகமும் பாட்டுச் சத்தமும். மணலில் கால்தடம் இல்லாத இடமே இருக்காது. விடுமுறை நாளில் காலை ஐந்தே முக்காலுக்குக் காரில் கிளம்பி ஏழு மணிக்கு அங்கே இருங்கள். ராத்திரிக் காற்று எல்லாத் தடங்களையும் அழித்து மணலை மடிப்பு மடிப்பாக வாரி வைத்திருக்கும். வாகனம் நிற்கும் இடத்திலிருந்து பத்து நிமிடம் தள்ளி நடந்துவிடுங்கள். முதலில் படம் எடுங்கள், பிறகு காலை வையுங்கள். ஒரு முறை மிதித்துவிட்டால் அந்த மேடு போயிற்று.

நான் போன அன்று ஒரு மேட்டின் விளிம்பில் தையல் போட்டது போல ஒரு கோடு ஓடியது. இரண்டு பக்கமும் புள்ளி, நடுவே மெல்லிய கீறல். குனிந்து அதன் பின்னாலேயே போனால், முனையில் ஒரு கறுப்பு வண்டு, சரிவில் ஏறி, மணலோடு சறுக்கி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. சூரியன் தாழ்வாக இருந்ததால் அதன் நிழல் அதைவிட ஐந்து மடங்கு நீளம். குப்புறப் படுத்து, போனை மணலோடு வைத்து எடுத்தேன். இரண்டு பயணத்திலும் எனக்கு மிகப் பிடித்த படம் அதுதான். ஒட்டகத்தைப் பிறகு எடுக்கலாம், முதலில் தரையைப் பாருங்கள்.

ஒட்டகச் சவாரி வேண்டுமென்றால் எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம், மொத்தம் எவ்வளவு என்ற மூன்றையும் ஏறும் முன் பேசுங்கள். என்னிடம் 1,200 கேட்டவர் 400க்குச் சம்மதித்தார். கூட்டமே வேண்டாம் என்றால் தென்மேற்கே இருக்கும் குரி கிராமத்து மணல்மேடு அமைதியானது, தூரம் ஏறக்குறைய அதேதான்.

தனோட் கோயிலும் லோங்கேவாலா போர் நினைவிடமும் பார்க்க ஆசைப்படுபவர்கள் அதற்கென்று ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். தனோட் மட்டுமே ஒரு வழிக்கு 120 கிலோமீட்டர். ஆதார் கட்டாயம். தனோட்டைத் தாண்டி எல்லைவரை போக எல்லைப் பாதுகாப்புப் படையின் தனி அனுமதி வேண்டும்.

8. மணலிடமிருந்து கேமராவைக் காப்பது

மணவாளக்குறிச்சி, முட்டம் கடற்கரை மணல் கனமானது, தட்டினால் விழுந்துவிடும். பாலைவன மணல் மாவு போல, லென்ஸ் வளையத்துக்குள்ளும் போனின் சார்ஜர் ஓட்டைக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும். மணல்மேட்டில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். எந்த லென்ஸ் வேண்டும் என்று அறையிலேயே முடிவுசெய்து மாட்டிக்கொண்டு போங்கள். நடக்கும்போது கேமரா ஜிப் கவருக்குள் இருக்கட்டும். தூசி படிந்தால் துணியால் துடைக்காதீர்கள், கோடு விழும். முதலில் பம்பால் ஊதி, பிறகு பிரஷ், கடைசியில்தான் துணி.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உதிரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள்.

மஞ்சள் கல்லையும் மணலையும் பார்த்தால் கேமரா வெளிச்சம் அதிகம் என்று ஏமாந்து படத்தை மங்கலாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, அரை முதல் ஒரு ஸ்டாப் வரை (கேமராவில் +0.5 முதல் +1) கூட்டுங்கள். போனில் மணலைத் தொட்டுப் பிடித்துவிட்டு வெளிச்சத்தை லேசாக மேலே தள்ளினால் போதும். சூரியனே படத்துக்குள் வந்தால் நேர்மாறாகக் குறையுங்கள்.

9. கேமராவை இறக்க வேண்டிய இடங்கள்

ராணுவ வண்டி, முகாம், ரேடார், முள்கம்பி மதில், விமான நிலையம், விமானப்படைத் தளம், இவை எதுவும் படத்தின் ஓரத்தில்கூட வரக் கூடாது. வரிசையாக ராணுவ லாரி போனால் கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு நில்லுங்கள். யாராவது கேட்டால் ஓடவோ வாதாடவோ வேண்டாம், அட்டையையும் கடிதத்தையும் காட்டுங்கள்.

டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சின்னதுதானே என்று கொண்டு போகாதீர்கள். எல்லை மாவட்டத்தில் அது வேலைக்கே உலை வைக்கும்.

நம் சைட்டிலும் கவனம் வேண்டும். சப்ஸ்டேஷன், கன்ட்ரோல் பேனல், டவருக்குள் இருக்கும் பாகங்களைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டால் கம்பெனி விதியை மீறியதாகும். டவர்மேல் நின்று செல்ஃபி எடுப்பதும் அப்படித்தான். எழுத்தில் அனுமதி இருந்தால் ஒழிய வேண்டாம்.

10. மனிதர்களைக் கேட்டு எடுங்கள்

"ராம் ராம் சா" என்று ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, "போட்டோ லே லூ?" என்று கேளுங்கள். இந்தி இவ்வளவு தெரிந்தால் போதும். முக்காடிட்ட பெண்களைத் தூரத்திலிருந்து லென்ஸால் இழுத்து எடுக்காதீர்கள். நம் வீட்டுப் பெண்களை ஒருவர் அப்படி எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? கோட்டை வாசலில் தலைப்பாகையோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும், கமாய்ச்சா, கர்தால் வாசிக்கும் மாங்கணியார் கலைஞர்களுக்கும் அது பிழைப்பு. ஒரு பாட்டு முழுதாகக் கேட்டு, பணம் கொடுத்து, பிறகு எடுங்கள். நான் ஐம்பது, நூறு என்று கொடுத்தேன்.

11. எனக்கு ஆன செலவு

இரண்டாம் பயணத்தில் பயணச்சீட்டு, தங்குவது, சாப்பாடு எல்லாம் கம்பெனி பார்த்துக்கொண்டது. என் கையிலிருந்து போனது இவ்வளவு:

- கூடுதல் ஒரு ராத்திரி அறை: 1,000
- ஸ்கூட்டர், இரண்டு நாள்: 1,000, பெட்ரோல் 400
- படா பாக் ஆட்டோ, காத்திருப்போடு மூன்று காலை: 900
- சம், குல்தரா காரில் என் பங்கு: 600
- எல்லா நுழைவுச்சீட்டும் கேமரா டிக்கெட்டும்: 600
- ஒட்டகம்: 400
- கலைஞர்களுக்கு, டீக்கு: 500
- படம் பிரிண்ட் போட்டது: 300

மொத்தம் 5,700 ரூபாய். சில்லறை நோட்டாக ஆயிரம் ரூபாயாவது வையுங்கள், சிக்னல் இல்லாத இடத்தில் போனில் பணம் போகாது. அதே காரணத்தால் படங்களையும் இணையத்தில் ஏற்றலாம் என்று விட்டுவைக்காமல், தினமும் ராத்திரி ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள்.

12. கிளம்பும் முன்

டிரைபாட் கால்களை முழுவதுமாக நீட்டி, ஒவ்வொரு மூட்டையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து மடக்குங்கள். மணலோடு மடக்கினால் திரும்ப நீட்ட வராது. வீட்டுக்கு வாங்குவதாக இருந்தால் கோட்டுவா லட்டு வாங்குங்கள், ஜெய்சல்மேருக்கே உரிய இனிப்பு, பயணத்தில் கெடாது.

பிறகு அந்த 300 ரூபாய்ப் பிரிண்ட். படம் எடுக்கும்போது "அனுப்பி வைக்கிறேன்" என்று நாம் எல்லோரும் சொல்வோம். அங்கே பலரிடம் அனுப்புவதற்கு நம்பர்கூட இருக்காது. கடைவீதியில் போட்டோ ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை பென் டிரைவைக் கொண்டு கொடுத்தால் அரை மணி நேரத்தில் போட்டுத் தருவார்கள். கடிசர் பக்கம் தினமும் எனக்கு டீ போட்டுக் கொடுத்த பெரியவர், தன் படத்தை இரண்டு கையாலும் வாங்கி, பால் தெறிக்காத இடமாகத் தேடி, அடுப்புக்கு மேலே சுவரில் இருந்த சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். அன்று டீக்கு அவர் காசு வாங்கவில்லை.